ஜம்புநாதன் காப்பாற்றிய ஒன்பது பசுக்கள்

டெக்சாஸில் இறைச்சி மாடு வளர்க்கும் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு சுத்த சைவக்காரனுக்கு என்ன வேலை என்று ஜம்புநாதனை நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். மெட்ராஸில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். நான் எண்ணெய்க் குழாய் என்ஜினீயராகி ஹூஸ்டனில் தப்பித்துக்கொண்டேன். கால்நடை மருத்துவம் படித்த அவன், 1979-ல் அந்தப் பண்ணையில் சேர்ந்து மாட்டுக்குப் பின்னால் நின்றான். பின்னால் என்றால் நிஜமாகவே பின்னால்தான். தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டி, உள்ளே கையை விட்டு, சினையா இல்லையா என்று பார்ப்பான். அவன் மனைவி ஜலஜா மட்டும் ஹூஸ்டன் கடைகளில் பார்ப்பவர்களிடமெல்லாம், "அவர் கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பண்ணையில் 214 என்று ஒரு பொலிகாளை. ஒரு வயதிலேயே மலைபோல எடை போட்டுவிட்டது. அதன் பெண் கன்றுகளும் அப்படியே வளர்ந்தன. ஆனால் அவை நேரத்தோடு சினை பிடிக்குமா? வளர்ச்சியும் கருத்தரிப்பும் ஒரே ரத்தத்தில் சேர்ந்து இறங்குமா, ஒன்று ஏறினால் மற்றது குறையுமா? அதுதான் அவர்கள் ஆராய்ச்சி. ஒவ்வொரு அக்டோபரிலும் பரிசோதனை. சினை இல்லாதது அன்றே லாரி ஏறும். லாரி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நம் ஆள் புத்திசாலித்தனம் செய்தான். ஆரம்ப வருஷங்களில் 214-ன் மகள்கள் ஒன்பது சினை பிடிக்காமல் காலியாக இருந்தன. ஒன்பதுக்கும் 'சினை' என்று எழுதினான். வசந்தத்தில் 'கன்று செத்துப் பிறந்தது' என்று எழுதி மூடினான். உள்ளே கை விட்டவன் அவன் ஒருவன்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? அடுத்த வருஷம் அவை சினை பிடித்தபோது, பாவம், சந்தோஷப்பட்டான்.

அவன் எழுதியதை நம்பி, 214-ன் மகள்களுக்குக் குறையில்லை என்று மேலதிகாரி ஹாரிசன் அறிக்கை தயாரித்தார். காளையின் உறைவிந்து சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் போகவிருந்தது. ஜம்புவின் கிரீன் கார்டு மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே ஹாரிசன்தான்.

1988 அக்டோபரில் 214-ன் வம்சத்தில் இருபத்தாறு காலி. அன்று பரிசோதனைத் தாளை நிரப்பாமலே நேராக என் வீட்டுக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"எழுதிடுடா, சினைன்னு," என்றேன். "கிரீன் கார்டு வரட்டும். அப்புறம் உன் மனசாட்சியைப் பார்த்துக்கலாம்."

"அந்த விந்து வெளியில போச்சுன்னா ஊர்பூரா இதே மாதிரி காலியா நிக்கும்டா. அத்தனையும் லாரிதான். என்னால முடியல."

எனக்குக் கோபம் வந்தது. ஜலஜாவை நினைத்தாயா என்று கத்தினேன். காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஹாரிசனிடம் ஒன்பதையும் ஒப்புக்கொண்டு, இருபத்தாறையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தான். ஹாரிசன் கத்தவில்லை. விந்து அனுப்புவதை நிறுத்தினார், மனுவைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார், லாரி ஏற்றும் வேலையை அவனையே செய்யச் சொன்னார்.

ஒவ்வொன்றாகக் காதில் மாட்டிய எண் வில்லையைப் படித்து ஏற்றினான். வில்லையில் தாயின் எண்ணும் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தான். குரலில் சத்தே இல்லை.

"டேய், ஏத்தினதுல பதினொண்ணு அந்த ஒன்பதோட மகள்டா. சினை பிடிக்கறதுல தாய் லேட்டுன்னா மகளும் லேட்டு. இதுல நான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன். அன்னிக்கு ஒன்பதை அனுப்பியிருந்தா இந்தப் பதினொண்ணு பொறந்தே இருக்காது. லாரி ஏத்தறதுக்குன்னே நான் பொறக்க வெச்சிருக்கேன்."