‘ஹியூப்ரிஸ்’ சரிபார்த்தவர்

அச்சகத்தில் அவரை முன்னால் ‘சார்’ என்பார்கள், பின்னால் ‘கழுகு’ என்பார்கள். புரூஃப் பார்க்கும் அறைக்கு அவர்தான் எல்லாம். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற மனிதர் எப்படி இருப்பார்? சந்தோஷமாகத்தான் இருப்பார். வேளைக்குச் சாப்பாடு, படுத்தவுடன் தூக்கம், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் மனைவி. பேருந்துக்குக் காத்திருக்கையில் எதிரே ஒரு கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் போதும், அன்றைக்கு அவர் முகத்தில் தனிக் களை.

அந்த வருடம் ஓர் ஆங்கில–தமிழ் அகராதி அச்சுக்கு வந்திருந்தது. புரூஃப் அறை, மிஷின் கூடத்தை ஒட்டிய சின்ன அறை. மிஷின் ஓடினால் மேசை மேல் இருக்கும் டம்ளர் தானாக நகரும். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வாசிப்பு அம்மா. மூலப் பிரதியைக் காற்புள்ளி, அடைப்புக்குறி விடாமல் அந்த அம்மா உரக்கப் படிப்பார். இவர் புரூஃபில் கண்ணை ஓட்டித் திருத்துவார். பதினோரு வருடப் பழக்கம். அந்த அம்மா எங்கே மூச்சு வாங்குவார் என்பதுகூட இவருக்கு அத்துப்படி. ஒருமுறை அந்த அம்மா காய்ச்சலில் படுத்துவிட, வேறொருவரை உட்கார வைத்தார்கள். மூன்றே நாளில் கழுகுக்குத் தலைவலி வந்து, வேலை படுத்துவிட்டது.

அகராதி வேலையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பை, அலமாரியில் இருக்கும் தடித்த சொல்வரலாற்றுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, ஓரத்தில் டிக் போட வேண்டும். இவர் டிக் போட்டார். புத்தகத்தைத்தான் திறக்கவில்லை. அதையெல்லாம் எப்போதோ கரைத்துக் குடித்தாயிற்று என்று நினைப்பு. ஏ முதல் ஜி வரை அப்படியே போயிற்று. யாரும் கேட்கவில்லை.

எச் எழுத்தில் ‘ஹியூப்ரிஸ்’ வந்தது. அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை, தலைக்கனம். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். கடவுளோடு மோதும் ஆணவம் என்பது பழைய பொருள். பிரதியில் இப்படி இருந்தது. அவரும் டிக் போட்டுவிட்டார். வாசிப்பு அம்மாவுக்கு மட்டும் அந்தச் சொல் பிடித்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார்.

அன்று புதன்கிழமை. தேநீர் வேளையில் மிஷின்காரர், பைண்டிங் பெண்கள், முதலாளி எல்லாரும் கூடத்தில் நின்றிருந்தார்கள். அந்தக் குறிப்பு அரைகுறையாக இருக்கிறது, பழைய பொருள் வேறு, ஒருமுறை பார்த்துவிடலாமா என்று அந்த அம்மா தணிவாகத்தான் கேட்டார். சரி பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கழுகுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வாசிக்கிறது உங்க வேலைம்மா. புரிஞ்சுக்கிறதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது. விட்டிருக்கலாம், விடவில்லை. அந்த அம்மா வெளிநாட்டுப் பெயர்களைத் தட்டுத்தடுமாறிப் படிப்பதை அதே குரலில் செய்துகாட்டினார். இன்னொரு சிரிப்பு. அந்த அம்மா பாதித் தேநீரோடு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அந்த அம்மா தன்னைப் பைண்டிங்குக்கு மாற்றிவிடும்படி முதலாளியிடம் கேட்டார். திங்கள் முதல் மாற்றம் என்று ஆகிவிட்டது.

கழுகு வீட்டுக்குப் போய் இதை ஒரு தமாஷாகத்தான் சொன்னார். மனைவி தையல் மிஷினை நிறுத்தினார்.

“அவங்கள அப்படிப் பேசினதுல உங்களுக்கு என்ன கெடச்சுது?”

“ஒண்ணும் கெடைக்கல. சும்மா ஒரு சிரிப்புக்கு.”

“உங்களுக்கு அவங்க மேல ஏதாவது கோபமா?”

“சேச்சே. நல்ல மனுஷி.”

மனைவி துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கழுகு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை எதிர் நாற்காலி காலி. அந்த அம்மா பைண்டிங் வேலையைப் பார்த்துவரப் போயிருந்தார். கழுகு தடிப் புத்தகத்தை இறக்கினார். திருந்துவதற்காக ஒன்றுமில்லை, தான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக. பக்கம் கிடைத்தது. படித்தார். ஆங்கிலத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, பழைய ஏதென்ஸ் நகரத்தில் அந்தச் சொல் சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயர். ஆதாயத்துக்காக இல்லாமல், பழிவாங்கவும் இல்லாமல், தான் ஒரு படி மேல் என்று காட்டும் சுகத்துக்காக மட்டும் இன்னொருவரைத் தலைகுனிய வைக்கும் குற்றம்.

அவருக்கு முகம் சுட்டது. மனைவி கேட்ட கேள்வியும் தான் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட வரிக்கு வரி அங்கே இருந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகத் தன்னை நினைத்து வெட்கப்பட்டார். வெட்கத்தைவிடப் பயம் அதிகம். திங்கட்கிழமையிலிருந்து எதிரே யார் உட்காருவார்?

தேநீர் வேளைக்குப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டே போனார். அதே கூடம், அதே ஆட்கள். கழுகு யாரைப் பிடிக்கப்போகிறது என்று மிஷின்காரர் ஆவலாகப் பார்த்தார். கழுகு அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிச் சொல்லி, உரக்கப் படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். யாரும் சிரிக்கவில்லை.

“அம்மா சொன்னதுதான் சரி,” என்றார். “புதன்கிழமை நான் செஞ்சது இதுதான். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க.”

அந்த அம்மா உடனே உருகிவிடவில்லை. கையிலிருந்த பசையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

“ஒண்ணு கேக்கறேன் சார். ஏ-லேர்ந்து ஜி வரைக்கும் எத்தனை சொல்லுக்குப் புத்தகத்தைத் திறக்காம விட்டீங்க?”

முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு பத்துப் பன்னிரண்டு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, அதை விழுங்கிக்கொண்டார்.

“எல்லாத்துக்கும்தான்.”

முதலாளிக்குத் தேநீர் புரையேறிற்று. ஏழு எழுத்து, நான்கு மாத வேலை. கழுகு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனாலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், மனசு லேசாக இருந்தது.

“அப்போ திங்கட்கிழமை ஏ-லேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றார் வாசிப்பு அம்மா. “பைண்டிங் எங்கயும் ஓடிடாது. ஆனா இந்த முறை நீங்க வாசிங்க சார். சரியான்னு நான் பாக்கறேன்.”