ரூபிக்குத் தமிழ் தந்த செல்லையா அண்ணன்

செல்லையா அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. என் முடி இயற்கையிலேயே கறுப்பு என்று இந்த அரபு நாட்டு அல் ஐன் பண்ணையில் எல்லாரும் நம்புவதாக நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸாப்பில் அவருடைய மருமகனின் குரல்: "மாமா காலையில தவறிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அழுதால் சாயம் கன்னத்தில் இறங்கும்; அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஆகவே அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தபடியே துக்கம் அனுசரித்தேன். அண்ணன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கமுதிப் பக்கத்துக்காரர். எங்கள் முதலாளியின் பண்ணைக்குப் பேரீச்ச மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சத்தான் வந்தார். முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். ஒரு ஜூலை மாதம் நாய்க் கொட்டகையில் ஏசி நின்றுபோனது. மெக்கானிக் வரட்டும் என்று நாங்கள் நிழலில் நின்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, செல்லையா அண்ணன் சாக்குகளை நனைத்துக் கொட்டகையைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். சாயங்காலம் அர்பாப் வந்து பார்த்தார். மறுநாள் முதல் அண்ணனுக்கு நாய் டூட்டி.

நாய்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் ஷாம்புவையே அவரும் தலைக்குப் போட்டுக்கொள்வார் என்பது பண்ணை முழுக்கத் தெரிந்த ரகசியம். நானே ஒருமுறை கேட்டுவிட்டேன். "எனக்கு இருக்குற நாலு முடிக்கு இது போதாதா தம்பி? பளபளன்னு இருக்கு பாருங்க" என்றார். பளபளவென்றுதான் இருந்தது. பெரும்பாலும் அது வழுக்கை.

பிறகு ரூபி வந்தது. பறவை வேட்டைக்கென்றே பழக்கிய பெண் நாய். விமானத்தில் ஒரு விசிலோடும், ஆங்கிலக் கட்டளைகள் அச்சடித்த அட்டையோடும் வந்து இறங்கியது. ரூபி விசிலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒழுங்காகக் கீழ்ப்படிகிறது என்று மாதாமாதம் அர்பாபுக்கு அறிக்கை எழுத வேண்டியது கிளார்க்காகிய என் வேலை. எழுதினேன். உண்மை என்னவென்றால், வந்த ஒரு வருடத்துக்குள் ரூபி முழுத் தமிழச்சியாகிவிட்டது. 'இரு' என்றால் நிற்கும். 'எடு' என்றால் பாயும். 'டூட்டி முடிஞ்சிருச்சு' என்றால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வரும். விசில் ஊதினால், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் வேறு பக்கம் பார்க்கும்.

இது எங்கள் இருவருக்கும் தெரியும். அர்பாபுக்குத் தெரியாது.

அதற்கடுத்த ஜனவரியில் அர்பாபுக்குக் கசகஸ்தான் போய் ஃபெசன்ட் வேட்டையாட ஆசை வந்தது. ஃபெசன்ட் என்பது நீள வால் வைத்த, மினுங்குகிற ஒரு காட்டுக்கோழி. விருந்தாளிகள் முன்னால் அர்பாப் இந்தியில் சொன்னார்: "ரூபி அங்கே காம் பண்ணலேன்னா செல்லையா கலாஸ்." அதாவது விசா ரத்து, ஊருக்கு விமானம். அப்போது அண்ணனின் கடைசி மகள் நர்சிங் இரண்டாம் வருடம்.

"என்னண்ணே செய்யப் போறோம்?" என்றேன்.

"நாய் நல்ல நாய்தான் தம்பி. மனுசங்கதான் குழப்பிட்டோம்" என்றார்.

நாயின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். என்னைவிட அதற்குத்தான் சான்றிதழ்கள் அதிகம். அங்கே முழங்கால் வரைக்கும் பனி. வானமும் தரையும் ஒரே வெள்ளை. செல்லையா அண்ணன் கம்பளிக் கால்சட்டைக்கு மேலே கைலி கட்டியிருந்தார். "இது இல்லேன்னா ஒண்ணுமே உடுத்தாத மாதிரி இருக்கு தம்பி."

எங்கள் இருவரையும் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அர்பாப் விசிலோடு ரூபியை நாணல் காட்டுப் பக்கம் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் ரூபி நாணலுக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. அரை மணி நேரம் விசில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அர்பாப் மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்தார்.

"உன் நாய் ஓடிப்போச்சு."

"ஓடாது அர்பாப்" என்று அண்ணன் இறங்கினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பனிக்குள் நடந்தார். நானும் பின்னால் போனேன். விசுவாசம் என்று எழுத ஆசைதான். டிரைவர் ஹீட்டரை அணைத்துவிட்டார் என்பதுதான் காரணம்.

கால்தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். நாணலுக்கு அந்தப் பக்கம் ரூபி சிலைபோல் நின்றுகொண்டிருந்தது. ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கியபடி, வால் நேராக, முதுகில் ஒரு விரல் கனத்துக்குப் பனி. நாலு முழம் முன்னால் புதருக்கடியில் ஒரு சேவல் பதுங்கியிருந்தது. பறவை வாசம் பிடித்தால் அப்படியே உறைந்து நின்று, உத்தரவு வரும்வரை அசையாதிருப்பதுதான் இந்த ஜாதி நாயின் வேலை. உத்தரவு வரவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, தூக்கிய காலை மட்டும் கீழே வைக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் அர்பாப் துப்பாக்கியோடு வந்து நின்றார். தமிழில் வாயைத் திறந்தால் அண்ணன் கதை முடிந்தது. திறக்காவிட்டால் நாயின் கதை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பனியைப் பார்த்தேன்.

"எடு!" என்றார் உரக்க.

ரூபி பாய்ந்தது. சேவல் செம்பும் பச்சையுமாக வெடித்துக் கிளம்பியது. திடுக்கிட்ட அர்பாப் சுட்டதில் ஒரு மரக்கிளையிலிருந்த பனி மொத்தமும் அவர் தலையிலேயே கொட்டியது. சேவல் பிழைத்தது.

"போதும்மா. டூட்டி முடிஞ்சிருச்சு, வா."

ரூபி ஓடிவந்து கைலிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அது என்ன பாஷை?" என்றார் அர்பாப்.

"பிரார்த்தனை அர்பாப்" என்றேன் நான், அவசரமாக.

"நஹி அர்பாப்" என்றார் அண்ணன், தனக்குத் தெரிந்த இந்தியில். "தமிழ். ரூபிக்குத் தமிழ்தான் தெரியும். நான்தான் பழக்கினேன். தப்பு என்னோடது. கிளார்க்குக்கு ஒண்ணும் தெரியாது."

அர்பாப் மீசையில் பனி ஒட்டியிருந்தது. ரூபியைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "அந்த வார்த்தையெல்லாம் எனக்கு எழுதிக் கொடு" என்றார்.

அரபி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பெரிய மனிதர், கையில் அட்டையோடு, பனிக்காட்டில் நின்று "டூட்டி முடிஞ்சிருச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ரூபி திரும்பி வந்தது. அண்ணனும் வேலையில் நிலைத்தார். மகள் படிப்பை முடித்து, கல்யாணமும் ஆன பிறகு, போன வருடம் அவர் தாமாகவே வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

சாயத்தைக் கழுவிவிட்டு அவர் மனைவிக்குப் போன் செய்தேன். அழுகைக்கு நடுவில் கேட்டார்: "நாய்க்கே தமிழ் கத்துக்கொடுத்தவன்டா நானுன்னு பேரப்புள்ளைககிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு தம்பி. நெசந்தானா?"

"நெசந்தான் மதினி" என்றேன்.

முழங்காலளவு பனியில் கைலியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் முன்னால் போக, அவர் மிதித்த குழிகளிலேயே கால் வைத்து ஒரு நாய் பின்னால் வருகிறது. அப்படித்தான் அவர் எனக்கு நினைவிருக்கிறார். போய் வாருங்கள் அண்ணே.

ஒரு சின்ன விவரம் விட்டுப்போயிற்று. ரூபி வந்த வருடம் அண்ணன் மூன்று மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவர் கிளம்பியபோது அது விசிலுக்குத்தான் ஓடிவந்துகொண்டிருந்தது. அந்த மூன்று மாதமும் அதைப் பார்த்துக்கொண்டது நான்.