வாரம் ஒரு மெத்தை

என் தம்பி சோபா தைக்கிறவன். உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா, ஸ்பிரிங் துருத்திய நாற்காலி என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் பழைய துணியை உரித்து, உள்ளே இருப்பதை மாற்றி, புதுசு போல ஆக்கிவிடுவான். கைவேலையில் கெட்டிக்காரன், பேச்சில் மட்டும் மகா கஞ்சன். வந்தவர் பத்துக் கேள்வி கேட்டால் "ஆகும்", "ஆகாது", "வெள்ளிக்கிழமை" என்று மூன்றே பதில்தான் வரும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் "ஆகாது" என்றுதான் சொன்னான், நாற்பத்தெட்டு வயதும் ஆகிவிட்டது.

அவன் வாயாரப் பேசுவது பஞ்சுவிடம் மட்டும்தான். பஞ்சு அவனுடைய நாய். நாலு வருடத்துக்கு முன் கடை வாசலில் உரித்துப் போட்ட பஞ்சுக் குவியலில் வந்து சுருண்டுகொண்ட குட்டி, அதனால் அந்தப் பெயர். நான் கடைப்பக்கம் போகும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். எந்த சோபாவுக்குள் சீப்பு கிடந்தது, எந்த ஆணி வளைந்தது என்று அதனிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பான். என் தலையைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். கூடப்பிறந்தவளுக்கு இல்லாத உரிமை ஒரு நாய்க்கா என்று எனக்குப் பொறாமை. இருந்ததை மறைப்பானேன்?

போன வருடம் அந்த நாய் சொறிய ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால், அப்புறம் வால் தொடங்கும் இடத்தில். உட்கார்ந்தால் சொறியும், எழுந்தால் கடித்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் முதுகின் அடிப்பாகத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து புண்ணாகிவிட்டது.

நான் மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவளுக்குத் தானும் அரை டாக்டர் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மனிதர்களுக்குப் போடும் அரிப்புக் களிம்பை எடுத்துக்கொண்டு போய்த் தடவினேன். பஞ்சு அதை ஒரு சொட்டு விடாமல் நக்கித் தின்றுவிட்டு, தைத்து முடித்து வெயிலில் வைத்திருந்த வெள்ளை சோபாவின் மேல் வாந்தி எடுத்தது. தம்பி சோபாவைத் துடைத்தான், நாயின் வாயைத் துடைத்தான், களிம்பை மூடி என் பையில் வைத்தான்.

அடுத்து மருந்து சோப்பு. தினமும் குளிப்பாட்டு என்றேன், பத்து நாள் குளிப்பாட்டினான். தோல் வறண்டு, பொடுகு பொடுகாக உதிர்ந்து, சொறிவது இன்னும் கூடியது. என் வீட்டுக்காரர் தன் பங்குக்குத் தேங்காய் எண்ணெய் என்றார். அதையும் அது நக்கியது, ஆனால் வாந்தி எடுக்கவில்லை. "பாத்தியா, என் வைத்தியம் பரவாயில்ல" என்று அவருக்கு ஒரு பெருமை!

கடைசியில் நாய் டாக்டர் அம்மாவிடம் போனோம். போவதற்கு முன் நாயை நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைச் சீவி, பளபளவென்று கொண்டுபோனேன். அழுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நினைப்பார் என்று எனக்கு மானப் பிரச்சினை. அவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி இல்லை, படை இல்லை, காதும் சுத்தம்.

"வீட்ல யாருக்காவது பூச்சி கடிச்ச மாதிரி இருக்கா?" என்று தம்பியைக் கேட்டார்.

"இல்லீங்க."

"அப்போ சாப்பாடு ஒத்துக்கலையான்னு பாத்துடலாம். எட்டு வாரம் நான் சொல்றது மட்டும்தான். ஒரு பிஸ்கட்கூட கூடாது."

புண்ணுக்கும் அரிப்புக்கும் மாத்திரை கொடுத்தார். களிம்பு விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எட்டு வாரமும் தம்பி தன் பிஸ்கட்டைக்கூட வாசலுக்கு வெளியே நின்று தின்றான். மாத்திரை இருந்தவரை அரிப்பு அடங்கியிருந்தது, தீர்ந்ததும் பழைய கதைதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கடைக்குப் பின்னறையில்தான் அவன் படுக்கிறான், நாயும் அவன் கால்மாட்டில்தான். "உனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே இவனத் தோட்டத்துல கொண்டுபோய் விட்ருவேன்" என்று ஆரம்பத்திலேயே மிரட்டி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருக்கிறது. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள் நான். என் பேச்சை அவன் தட்டியதில்லை. அதனால்தான் ஒரு சனிக்கிழமை, "போதும், நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னபோதும் சரி என்றான்.

மறுநாள் ஆட்டோவோடு போனேன். பஞ்சுவின் தட்டு, கயிறு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வைத்திருந்தான். அதோடு, அது படுக்கும் மெத்தையையும் சுருட்டிக் கட்டியிருந்தான். கழுத்துப் பட்டையை மாட்ட முட்டி போட்டு உட்கார்ந்தவனின் பேன்ட் மேலே ஏறியது. அந்த வெயிலில் கால் முட்டி வரை சாக்ஸ். ஒன்று நழுவியிருந்தது. கணுக்காலைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிவந்த தடிப்புகள், சில இடங்களில் சொறிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல."

"எத்தன நாளா?"

நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். "இவனுக்கு வந்தப்பவே வந்துடுச்சு."

"டாக்டர் அந்தம்மா கேட்டாங்களேடா! வாய் கூசாம இல்லன்னு சொன்னியே!"

"ஒட்டிக்கிச்சுன்னா அன்னிக்கே அனுப்பிருவேன்னு நீதானக்கா சொன்ன."

அத்தனை மாதம் ராத்திரியெல்லாம் கடி வாங்கிக்கொண்டு, பகலில் சாக்ஸுக்குள் காலை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறான். பூச்சிக்குப் பயந்தல்ல, எனக்குப் பயந்து. வளர்த்தேன் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அரிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாத மாதிரித்தான் வளர்த்திருக்கிறேன். அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதேன். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

தோட்டத்துக்குப் போகவில்லை. நாயையும், கட்டி வைத்த மெத்தையையும், தம்பியின் காலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை குளிப்பாட்ட நேரமில்லை. அவர் பல் நெருங்கிய சீப்பால் வால்பக்கம் இரண்டு இழுப்பு இழுத்து, ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் பொடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பொடியையும் சுற்றிச் சிவப்பு பரவியது.

"தெள்ளுப்பூச்சி. இது அதோட கழிவு, இந்தச் சிவப்பு உங்க நாயோட ரத்தம். போன தடவ இது கண்ணுல படவே இல்லையே?"

படாது. நான்தான் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோனேனே. பூச்சியையோ, கடித்துக் கடித்து நாயே முழுங்கியிருக்கும் என்றார்.

"எதுல படுக்குறான்?"

தம்பியின் முகம் மலர்ந்தது. இந்த ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. "வாரா வாரம் புது மெத்தை போட்டுடுவேங்க. ஒரே மெத்தைல ரெண்டு வாரம் படுத்ததில்ல."

"எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதில்லீங்க. சோபா உரிக்கும்போது வர்றதுல நல்ல ஸ்பாஞ்சாப் பாத்து..."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. நாயும் பூனையும் புரண்ட யார் யார் வீட்டு சோபாவிலிருந்தோ பூச்சியையும் முட்டையையும் வாரம் தவறாமல் தேர்ந்தெடுத்து, வெட்டி, தைத்து, அதற்கு மேல் பஞ்சுவைப் படுக்க வைத்திருக்கிறான். புண் அதிகமாக ஆக, இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறான். பாவி, பாசத்தில் ஒரு குறை வைக்கவில்லை!

"நாய்க்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது" என்றார் டாக்டர். "கழுத்துக்குப் பின்னாடி மாசம் ஒரு தடவ இந்தச் சொட்டு. படுக்கைத் துணியெல்லாம் கொதிக்கிற தண்ணில துவைக்கணும். தரை, மூலை, கட்டிலுக்கு அடில தினம் தூசி உறிஞ்சுற மெஷின் போட்டு எடுக்கணும். கூடு கட்டி உள்ள இருக்கிற பூச்சி இன்னிக்குச் சாகாது, வாரக்கணக்கா காத்திருந்து வெளிய வரும். பூச்சி குறைஞ்சிடுச்சுன்னு நடுவுல விட்டுடாதீங்க. மூணு மாசம் ஆகட்டும்."

கடையின் பின்சுவர் முழுக்க அவன் சேர்த்து வைத்திருந்த பழைய ஸ்பாஞ்சு கூரை வரை அடுக்கியிருந்தது. எதையும் எறிய மனசு வராதவன். அன்று சாயங்காலமே அத்தனையையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் இறுக்கிக் கட்டி குப்பை வண்டியில் ஏற்றினான். நான் பின்னறைத் துணிகளைக் கொதிக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் உறிஞ்சும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயின் அருமையை இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று புலம்பிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் தள்ளினார். அப்புறம் தம்பி, பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எடுக்கும் உயர்ந்த ஸ்பாஞ்சை அளந்து வெட்டினான். பஞ்சுவுக்கு ஒன்று, தனக்கும் ஒன்று. அவன் இத்தனை வருடம் படுத்திருந்ததும் எவர் வீட்டுக் கழிவிலோதான்.

இரண்டாவது வாரம் கடி திரும்பக் கொஞ்சம் தலைகாட்டியது. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. இரண்டாவது சொட்டுக்குப் பிறகு பஞ்சு மத்தியானம் முழுக்கத் தூங்கியது. மூன்றாவது மாதம் முதுகில் முடி குச்சி குச்சியாக முளைத்தது. இப்போது பழைய சோபா எது வந்தாலும் வாசலிலேயே உரித்துக் கட்டிவிடுகிறான். பஞ்சு அந்தப் பக்கம் போனால், "ஏய், வேலை நடக்குது" என்று அதட்டல்.

போன வாரம் மருந்துக்கடையில் கூட்டமான நேரத்தில் போன் வந்தது. அவன்தான். தானாகப் போன் செய்கிறவனே இல்லை.

"என்னடா, பஞ்சுவுக்கு என்ன?"

"அவன் நல்லாதான் இருக்கான். அக்கா, எனக்குப் பல்லு வலிக்குது. ரெண்டு நாளா."

ஒரு மனுஷன் வலி என்கிறான், எனக்கோ சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. எதிரில் மருந்துச் சீட்டோடு நின்றவர் முறைத்தார். எந்தப் பக்கம், மேலேயா கீழேயா, தண்ணீர் பட்டால் கூசுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்று விடாமல் பதில் சொன்னான்.