படாளத்துக் கொடிக்கு ஒரு குளிர்காலம்

இங்கிலாந்தில் நாங்கள் வாடகைக்குக் குடிபுகுந்த முதல் ஆண்டு, ஒரு பகலில் சமையலறை ஜன்னலில் பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். யாரோ கல்லெறிகிறார்கள் என்று பயந்து திரைக்குப் பின்னால் ஒளிந்தேன். வெடித்தது ஒரு காய். வீட்டின் முன்சுவரில் ஏறியிருந்த விஸ்டீரியா கொடியின் காய்ந்த நெற்று முறுக்கிப் பிளந்து, தட்டையான விதைகளைக் கண்ணாடி மீது வீசியிருந்தது. ஒரு செடிக்கு இவ்வளவு ஆங்காரமா என்று வாயைப் பிளந்தேன்.

குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் கட்டையாக நின்றது. செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். மே மாதம் அதே கட்டையிலிருந்து, இலை சரியாக விரியும் முன்பே, ஊதாப் பூக்கள் திராட்சைக் குலைகளாக இறங்கின. சுவரே தெரியவில்லை. ஊரில் பூவை முழம் போட்டு வாங்கியவள் நான்; இங்கே பூவே முழ நீளத்தில் தொங்கியது. தெருவில் நின்று அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றும் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில் அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், கடை உரம் என்று வாரி வழங்கினேன். வீட்டுக்காரம்மா டோரீன் அதைப் பார்த்துவிட்டு, "அதனிடம் இவ்வளவு அன்பு காட்டாதே" என்றார். என் கை தன் செடியில் படுவது பிடிக்கவில்லை போலும் என்று நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் கொடி முழுக்க இலை, பூவோ நாலைந்து கொத்துதான். உரம் மிஞ்சினால் கொடி இலையாகவே கொழுக்கும் என்று, அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் உறைத்தது. பிறகு அவரே கத்தரிக்கோலோடு வந்தார். கோடையில் வால்போல் நீளும் தளிர்களை ஐந்தாறு இலை விட்டு வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் அதையே இரண்டு மூன்று மொட்டுக்குக் குறைக்க வேண்டும். தடித்த மொட்டு பூவாகும், ஒல்லி மொட்டு இலையாகும். பனிக்காலம் முழுதும் அந்தக் கட்டைக்குள் பூ காத்திருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

முதல்முறை ஊருக்குப் போனபோது கைப்பையில் சில விதைகளை எடுத்துப்போனேன். விஷ விதை, பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லித் தம்பி சேகரிடம் கொடுத்தேன். எங்கள் ஊரான படாளத்தில் மோட்டார் கொட்டகை ஓரமாக ஊன்றினான். நான் கிளம்பும்போது, "எப்பக்கா ஒரேடியா வருவ?" என்று கேட்டான். "இது பூக்கட்டும், வந்துடறேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லி விமானம் ஏறினேன். அவன் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டான்.

ஆண்டுகள் ஓடின. கொடி கொட்டகையை மூடிப் பக்கத்து முருங்கையையும் சாய்த்தது. "எல கீது, கொடி கீது, பூவுதான் காணோம். இன்னா பண்றது, அக்கா?" என்று போனில் புலம்பினான். டோரீனைக் கேட்டேன். விதையில் வந்த கொடி பூக்க வெகுகாலம் ஆகும், அதிலும் குளிர் படாவிட்டால் மொட்டே கட்டாது என்றார். அதைச் சொன்னதும் சேகர், "இவ்ளோதானா? குளுரு குடுத்துட்டா போச்சு" என்றான்.

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மதுராந்தகத்துக்கு மீன் வண்டி ஓட்டுகிறவன் அவன். மார்கழி முழுக்க மீன் பெட்டியில் மிஞ்சிய ஐஸை வேரில் கொட்டினான். உப்பேறி இலை ஓரமெல்லாம் கருகியது. மறு வருஷம் புது ஐஸ் பாரே வாங்கி, சாக்கில் சுற்றித் தண்டைச் சுற்றி அடுக்கினான். "செடிக்கு ஜொரமான்னு ஊரே கேக்குது அண்ணி" என்று அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் புரிந்தது. ஒரு நாட்டின் குளிர்காலத்தையே படாளத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறான், எனக்காக.

டோரீனிடமிருந்து அந்த வீட்டை நாங்கள் விலைக்கு வாங்கிய வருஷம், மே மாதம், கொடியடியில் நின்றிருந்தபோது சேகர் கூப்பிட்டான்.

"அக்கா, பூத்துடுச்சு."

கத்திரி வெயிலில் அங்கே அது பூத்திருக்காது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"இன்னா வாசன கீது, சொல்லு பாப்போம்" என்றேன்.

அவன் பக்கம் கொட்டகை மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வந்து மோந்து பாரு" என்றான்.

"வரேன்டா."

"திரும்பிப் போறதுக்கும் சேத்து டிக்கெட் போடாதக்கா."

தலைக்கு மேலிருந்து ஊதா இதழ்கள் உதிர்ந்து போனைப் பிடித்திருந்த கையில் விழுந்தன. நான் கையை அசைக்கவில்லை.