ஏறுகிற வண்டிக்கு வழி

தாண்டிக்குடிக்கு மேலே எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஒற்றைப் பாதையில், ஏறி வருகிற ஒரு ஜீப் எதிரே இறங்கும் வண்டியைக் கண்டதுமே பின்வாங்கி ஒதுங்கி நின்றால், அது ரெக்ஸின் ஜீப். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். இது ரெக்ஸுக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் இந்தச் சட்டத்தை அவனைப்போல் பிடித்துக்கொண்டு தொங்கியவன் தாண்டிக்குடி ஜீப் ஸ்டாண்டிலேயே கிடையாது.

அப்போதெல்லாம் எதிரில் கல்யாண கார் வந்தாலும் சரி, பால் வண்டி வந்தாலும் சரி, ஹார்னில் கையை வைத்தபடி அசையாமல் நிற்பான். இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஏற ஆரம்பித்த வண்டியை நடுவழியில் திருப்ப மாட்டான். திருப்பினால் அன்றைய நாள் விளங்காது என்று ஸ்டாண்டில் ஒரு நம்பிக்கை. யாராவது குடையை மறந்துவிட்டேன் என்றால்கூட, மேலே போய்த் திருப்பிக்கொள்ளலாம் என்பான். இந்த வீம்பு ஒருநாள் எங்கேயாவது கொண்டுபோய் விடும் என்று அவன் மனைவி ஜென்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்குகிற ஆளா அவன்?

ஜீப்புக்கு அடுத்தபடி அவன் உயிரை வைத்திருந்தது ‘நாலாம் சாமம்’ மேல். மதுரையிலிருந்து கிளம்பி நாடெல்லாம் பேர் வாங்கிய ராக் குழு அது. அவர்கள் பாட்டுகளைக் கேட்டுத்தான் அவன் மாதா கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் அடிக்கக் கற்றுக்கொண்டான். பூசை நேரத்தில் அந்த அடியை அடித்துச் சாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. எஸ்டேட்டுக்கு மேலே உள்ள பெரிய புல்வெளியில் இசைத் திருவிழா நடக்கிறது, பல வருஷம் கழித்து நாலாம் சாமம் மேடையேறுகிறது, பாடகர் ஞானவேலை ஏற்றிக்கொண்டு போவது உன் ஜீப்தான் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னபோது, அவன் கழுவிய வண்டியையே திரும்பவும் கழுவினான்.

அன்று மதியத்திலிருந்தே மூட்டமாக இருந்தது. மற்ற வாத்தியக்காரர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். ரெக்ஸின் பக்கத்து இருக்கையில் ஞானவேல் மட்டும். சுவரொட்டியில் பார்த்த ஆள் மாதிரியே இல்லை, சுருங்கிப் போயிருந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்ததை ரெக்ஸ் பார்த்தான். பார்த்தது பிடிக்கவில்லை.

பாதி ஏற்றத்தில் குருசடி வளைவு வரும். சிலுவை நட்ட சின்ன மேடை, அதன் முன்னால் ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம். அந்தப் பாதையில் திரும்புவதற்கு வேறு இடமே கிடையாது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது ஞானவேல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“தம்பி, வண்டியத் திருப்புறீங்களா? என்னமோ செய்யுது. கீழ போயிருவோம்.”

“மேல போயித் திருப்பிக்கலாம்ணே. பாதியில திருப்புறது ஆகாதுங்க. ஒரு சுக்குக்காப்பி குடிச்சீங்கன்னா சரியாப் போயிரும்.”

சொல்லி முடிப்பதற்குள் குருசடி பின்னால் போய்விட்டது. ஸ்டாண்டின் நம்பிக்கையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திருப்பினால் கச்சேரி இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்ததும் வீண். அந்த நினைப்பும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. ஞானவேல் வற்புறுத்தவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மேலே மைதானம் கொள்ளாத கூட்டம். ஞானவேல் காலைக் கீழே வைத்ததும் எழுந்த சத்தத்தில் மனிதர் நிமிர்ந்துவிட்டார். வாயுப் பிடிப்புதான் போல என்று சிரித்துவிட்டுப் போனார். ரெக்ஸுக்கு மனசு ஆறவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவரிடம் போய் வாயைத் திறந்தான். அவர் என்ன ஏதென்று கேட்காமல், ஜீப்பை மேடைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தான். தன் மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது.

பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி மேடையின் காலை மூடியபோது முதல் பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் அடி தரை வழியாக ரெக்ஸின் காலுக்கு வந்தது. அவன் எல்லாவற்றையும் மறந்தான். அடுத்த பாட்டு அவன் கோயிலில் அடித்து வசவு வாங்கிய பாட்டு. அதன் நடுவில் ஞானவேல் பாடுவதை நிறுத்தி மைக் கம்பத்தைப் பற்றிக்கொண்டார். நம்மைப் பாடச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் முழுக்க ஒரே குரலில் பாடியது. அவருடைய இன்னொரு கை நெஞ்சில் இருந்ததை ரெக்ஸ் பார்த்தான். அவர் மெல்ல உட்கார்ந்தார். கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது.

ஆம்புலன்ஸ் அந்த மேட்டில் ஏறாது என்று கீழே ஊரிலேயே நிறுத்தியிருந்தார்கள். ரெக்ஸின் ஜீப்பில்தான் அவரைக் கிடத்தினார்கள். தலையை மடியில் தாங்கிக்கொண்டு டிரம்ஸ்காரர் சண்முகராஜ் பின்னால் உட்கார்ந்தார்.

“வெரசாப் போங்க தம்பி,” என்றார்.

ரெக்ஸ் வெரசாகத்தான் இறக்கினான். குருசடிக்கு மேலே எதிரில் வெளிச்சம் தெரிந்தது. தாமதமாக வரும் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. முதல் வண்டி மணியனுடையது. போன வாரம்தான் ரெக்ஸ் அவனைப் பள்ளத்து ஓரம்வரை பின்னால் போகவைத்திருந்தான். ரெக்ஸ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான், ஹார்னை விடாமல் அடித்தான். மணியன் அசையாமல் நின்றான்.

“ஏலே ரெக்ஸு, ஏறுற வண்டிக்குத்தான வழி? நீ சொல்றதுதான,” என்று சிரித்தான்.

அவன் வண்டியில் தொற்றியிருந்த பையன்கள் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள், மேடையில் பாதியில் நின்ற அதே பாட்டு. ரெக்ஸ் குதித்து ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் மணியனின் முகம் வெளிறிப் போனது. ஆனால் அவனுக்குப் பின்னால் மஞ்சுக்குள் கண்ணுக்கு எட்டிய மட்டும் விளக்குகள். கடைசி வண்டி நகர்ந்தால்தான் முதல் வண்டி நகரும். ரெக்ஸ் ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டே இறங்கினான். பையன்கள் பாட்டை நிறுத்தினார்கள். வண்டிகள் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, குருசடி முன்னால் திரும்பிக் கீழே போயின.

எல்லாம் ஒதுங்கி முடிந்ததும் ரெக்ஸ் மேலே ஓடிவந்து ஜீப்பில் ஏறினான். மூச்சு வாங்கியது. பாதை காலியாகக் கிடந்தது. கியரைப் போட்டான்.

பின்னாலிருந்து சண்முகராஜின் கை அவன் தோளில் விழுந்தது.

“மெதுவாவே போங்க தம்பி,” என்றார். “இனி அவசரமில்ல.”