கரண்டி தூக்கினால் நல்ல பாட்டில்

என் அண்ணனுக்கு மூக்கு இல்லை. அதாவது முகத்தில் இருக்கிறது, எங்கள் குடும்பத்துக்கே உரிய பெரிய மூக்கு. ஆனால் போன வருடம் வந்த காய்ச்சலோடு வாசனை தெரிவது நின்றுவிட்டது. வேறு வேலையில் இருப்பவன் என்றால் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பியிருக்கலாம். இவன் உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறவன். அதிலும் குமிழி பொங்கும் ஒயினில்தான் இவனுக்குப் பேர். இருபத்தாறு வருடமாக அங்கே எல்லோருக்கும் இவன் நுரைக்காரர்.

அவன் தங்கை நான், அதே உணவகத்தில் பொரிக்கிற அடுப்பில் நிற்கிறேன். எனக்கு முன்கோபம் என்பார்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் பத்து மணி நேரம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும்.

அவன் பாட்டில் திறப்பதைப் பார்க்க வேண்டும். கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் அதன் மேல் உட்கார்ந்துவிடும். கார்க்கைத் திருக மாட்டான், பாட்டிலைத்தான் திருப்புவான். மெல்ல ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான். “டமால்னு திறந்தா பாதி கூரைக்குப் போயிடும். காசு கொடுத்தவர் தரையைத் துடைச்சா குடிப்பாரு?” என்பான்.

திறந்ததும் மோந்து பார்க்க வேண்டும். சில பாட்டில்களில் கார்க் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஒயினில் ஏறியிருக்கும். அது இவனுக்குத் தெரியாது. முதலாளியிடம் சொல்லிவிடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

“சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. ஐம்பத்து மூணு வயசுல நான் வேற என்ன வேலைக்குப் போவேன்?” என்றான்.

ஆகவே திருட்டுத்தனம் ஆரம்பமானது. சமையலறைச் சுவரில் தட்டு வாங்குகிற ஜன்னல் ஒன்று உண்டு. ஏதோ கேட்க வருகிறவன்போல வந்து சின்னக் கிளாஸை வைப்பான். நான் மோந்து பார்ப்பேன். நல்லதென்றால் ஜல்லிக்கரண்டியைத் தூக்குவேன், கெட்டதென்றால் கவிழ்ப்பேன். பதினோரு மாதம் ஒரு கெட்ட பாட்டில்கூடத் தப்பவில்லை.

மூக்கு போனதால் நாக்கு கூர்மையாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டியிருந்ததால் கவனம் கூடியது. இனிப்பில்லாத ஒயினைக் கேக்கோடு யாராவது கேட்டால் மென்மையாகத் தடுத்துவிடுவான். “இனிப்பைத் தின்னுட்டு இதைக் குடிச்சா வெறும் புளிப்புதான் மிஞ்சும். பொரிச்சதோட குடிங்க. குமிழி எண்ணெயைக் கழுவிடும், ஒவ்வொரு வாயும் முதல் வாய் மாதிரி இருக்கும்.”

ஒரு நாள் காலையில் ஒயின் வியாபாரி மூன்று வகை ஒயினில் இரண்டிரண்டு பாட்டில்களோடு வந்தார். வருடம் முழுவதும் வாங்கப்போவது எது என்று முதலாளி எதிரில் அண்ணன் சொல்ல வேண்டும். அன்று வேலைக்கு வருகிற வழியிலேயே எங்களுக்குள் சண்டை. இப்போதாவது உண்மையைச் சொல் என்றதற்கு, “நீ வாயை மூடிக்கிட்டுக் கரண்டியைப் பிடி” என்றுவிட்டான். அந்த எரிச்சலில் அடுப்பைக் குறைக்க மறந்தேன். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. மூன்றாவது கிளாஸ் வந்தபோது பேருக்கு மோந்துவிட்டுக் கரண்டியைத் தூக்கினேன்.

முதலாளி ஒரு வாய் குடித்ததும் கிளாஸைக் கீழே வைத்தார். “இது கெட்டுப் போயிருக்கே. நீங்க மோந்து பார்க்கலையா?”

அண்ணன் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். “பார்த்தேங்க. என் தப்புதான்” என்றான்.

என்னைக் கைகாட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவன் காட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு வெளியே போனேன்.

“அவருக்கு வாசனையே தெரியாதுங்க. பதினோரு மாசமா நான்தான் மோந்து பார்க்கிறேன். இன்னைக்குப் புகையில ஏமாந்தது என் மூக்கு.”

அண்ணன் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவனை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“என்கிட்ட மறைச்சது எனக்குப் பிடிக்கல” என்றார் முதலாளி. பிறகு அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைத் திறக்கச் சொன்னார். “நுரைக்காரரே, வாசனையை விடுங்க. இதுக்கு என்ன சாப்பிடலாம், அதை மட்டும் சொல்லுங்க.”

அவன் ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினான். “குமிழி பொடிசு. புளிப்பு நல்லா இருக்கு, இனிப்பு துளிதான். உப்புத் தூக்கலா பொரிச்ச மீன் வேணும்.”

புது எண்ணெய் ஊற்றிப் பொரித்துக் கொண்டுவந்தேன். முதலாளி ஒரு துண்டு தின்றார், குடித்தார், இன்னொரு துண்டு எடுத்தார். தட்டைக் காலி செய்தார்.

“இதையே வாங்கலாம். நாளையிலிருந்து உங்க தங்கச்சி மேசைக்கே வந்து மோந்து பார்க்கட்டும். ஜன்னல் வழியா வேணாம்” என்று எழுந்து போனார்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் மிச்சமிருந்ததை ஊற்றி, பழக்க தோஷத்தில் ஜன்னலில் கொண்டுவந்து வைத்தான். நானும் மோந்துவிட்டுக் கரண்டியைத் தூக்கினேன். அவன் நகரவில்லை.

“நல்லதுன்னு தெரியும். எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

பதினோரு மாதத்தில் அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மறுபடி மோந்தேன், இந்த முறை நிதானமாக.

“பச்சை ஆப்பிள் தோல். அப்புறம் சூடா எடுத்த ரொட்டி.”

“ரொட்டி உள்பக்கமா, மேல்பக்கமா?”

“மேல்பக்கம்தான். கொஞ்சம் சிவந்தது.”

கண்ணை மூடிக் குடித்தான்.

“இன்னும் சொல்லு” என்றான்.