சூசை சித்தப்பா ஏரியில முங்குன கதை

நேத்து திண்டிவனம் ஏரிக்கரையில போய்க்கினு இருந்தேன். பாசி வாசனை மூக்குல ஏறுச்சு. சின்ன வயசுல பாத்த சூசை சித்தப்பா கூத்து ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன்.

சித்தப்பா பொறந்தது மாதா கோயில் குடும்பம். கொஞ்ச நாள் மிஷன் கோயில்லயும் பாட்டு பாடுனாரு. ஆசைப்பட்டதோ, மாதாவைக் கும்புடாத, சிலுவை போடாத முழுக்கு சபை போதகரு பொண்ணு எஸ்தரை.

"கொழந்தையில தலையில ஊத்துன தண்ணி செல்லாது தம்பி. ஏரியில முழுசா முங்கு, அப்பறம் பொண்ணு கேளு"ன்னுட்டாரு போதகரு.

சித்தப்பாவுக்குத் தண்ணின்னாலே ஒதறும். இருந்தாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கினு எறங்குனாரு. கரையில சபையே கைதட்டிப் பாடுது. போதகரு ஜல்தியா ஒரு அமுக்கு அமுக்குனாரு. மேல வந்த சித்தப்பா நெத்தியில சிலுவை போட்டுக்கினு, "மாதாவே, காப்பாத்தும்மா!"ன்னு கத்துனாரு.

பாட்டு நின்னுபோச்சு. "இன்னும் பழசு போவல"ன்னு போதகரு திரும்ப அமுக்குனாரு. திரும்பவும், "மாதாவே!"

எஸ்தரு பொடவையோட தண்ணியில எறங்கி ஓடியாந்தாங்க. "இன்னொரு தபா அமுக்குனீங்கன்னா அவரு மாதாகிட்டயே போய்டுவாருப்பா. எனக்கு மாப்பிள்ளை வேணும்!"

போதகருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த மாசம் கல்யாணம்.

இப்பவும் மழை வலுத்தா சித்தப்பா கை தானா நெத்திக்குப் போவுது. எஸ்தர் சித்தி பாக்காத மாதிரி திரும்பிக்குவாங்க.